புள்ளி தெரியாத நாளிதழ்: ஒரு கணினிச் செயலியோடு மூன்று ஆண்டுகள்

எங்கள் வீடு ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடிக்கு வெளியே, மஞ்சள் காட்டுக்கு நடுவே இருக்கிறது. நாளிதழ் போட்டுக்கொண்டிருந்த பையன் கல்லூரிப் படிப்புக்குக் கோவை போன பிறகு அவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்து வர வேறு ஆள் கிடைக்கவில்லை. அப்பாவுக்கு வயது 74. நாளிதழ் பார்க்காமல் அவருக்குப் பொழுது விடியாது. எனவே 2022 தை மாதத்தில் ஒரு தமிழ் நாளிதழின் மின்பதிப்புக்கு ஆண்டுச் சந்தா கட்டி, அவர்களே தரும் செயலியை வீட்டுக் கணினியில் நிறுவினேன். மூன்று ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. அன்றாடம் அப்பாவும் நானும் பயன்படுத்துகிறோம்.

முதலில் செல்பேசியில்தான் காட்டினேன். இரண்டு நாள் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். "ஏன் கண்ணு, எல்லாச் செய்தியும் ஒரே அளவில் வருகிறதே, இதில் எது பெரிய செய்தி, எது சின்னச் செய்தி?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் நாளிதழின் பக்கத்தை நான் சரியாகப் பார்க்கத் தொடங்கினேன். எட்டுப் பத்தித் தலைப்பும் ஒற்றைப் பத்தித் தலைப்பும் ஒன்றல்ல. மடிப்புக்கு மேலே வந்ததா கீழே வந்ததா, மூன்றாம் பக்கமா பதினோராம் பக்கமா என்பதையெல்லாம் வைத்துத்தான் அப்பா ஒரு செய்தியின் கனத்தை எடைபோடுகிறார். கணினிச் செயலி பக்கத்தை அப்படியே காட்டியது அவருக்குப் பிடித்துப்போனது.

சிக்கல் படிக்க உட்கார்ந்தபோது வந்தது. எங்கள் திரை 22 அங்குலம். அகலம் 48 சென்டிமீட்டர், உயரம் 27. நாளிதழ்ப் பக்கமோ நெட்டுக்குத்தாக அரை மீட்டருக்கு மேல். முழுப் பக்கத்தையும் காட்டினால் எழுத்து எறும்பாகிவிடும். பெரிதாக்கினால் பக்கத்தை மவுஸால் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பத்தியின் அடியை எட்டிவிட்டு அடுத்த பத்தியின் தலைக்குத் திரும்புவதற்குள் அப்பா வரியைத் தவறவிட்டுவிடுவார். கடைசியில் திரையின் பின்புறமிருந்த நான்கு திருகுத் துளைகளில் சுவர்த் தாங்கியை மாட்டி, திரையையே செங்குத்தாகத் திருப்பிவிட்டேன். விண்டோஸ் அமைப்பில் படத்தைத் திருப்பும் வசதி ஏற்கெனவே இருக்கிறது. பக்கம் முழுதாக, கிட்டத்தட்ட ஐந்தில் நான்கு பங்கு அளவில், ஒரே பார்வைக்குள் வந்துவிட்டது. இந்த மூன்று ஆண்டுகளில் நான் செய்த மிகப் பயனுள்ள வேலை இதுதான். ஆனால் செயலியைப் பயன்படுத்துபவன் சுவரில் துளையிட வேண்டிய நிலை வரக் கூடாது. பத்திக்குப் பத்தி தானாகத் தாவும் ஒரு விசை இருந்திருந்தால் போதும்.

அப்படித் திருப்பியும் ஒரு குறை தீரவில்லை. அந்த அளவில் செய்தி எழுத்து ஏறத்தாழ பத்துப் படப்புள்ளி (பிக்சல்) உயரம்தான் இருக்கிறது. அதில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு மிஞ்சுவது ஒரே ஒரு சாம்பல் நிறப் பொட்டு. ஓலைச்சுவடியில் புள்ளி வைக்காமல் எழுதினார்கள், படிப்பவர் இடம் பார்த்து ஊகித்துக்கொண்டார். கண்புரை அறுவை செய்துகொண்ட என் அப்பாவும் காலை ஆறு மணிக்கு அதையேதான் செய்துகொண்டிருந்தார். காரணம், செயலி காட்டுவது எழுத்தையல்ல, எழுத்தின் படத்தை. ஒரு செய்தியின் மேல் சொடுக்கினால் எழுத்தாகத் திறக்கும் வசதி இருக்கிறது. அது திறக்கும் இடங்களில் எனக்குக் குறையே இல்லை: விண்டோஸின் நிர்மலா எழுத்துருவில், வேண்டிய அளவுக்குப் பெரிதாக, புள்ளியும் கொம்பும் துலக்கமாக நிற்கின்றன. ஆனால் முதன்மைச் செய்திகள்தான் அப்படித் திறக்கின்றன. மாவட்டப் பக்கத்தின் சிறு செய்திகளும் விலைப் பட்டியல்களும் படமாகவே கிடக்கின்றன. எங்கள் வீட்டுக்கு நாளிதழ் வருவதே பாதி அந்தப் பட்டியல்களுக்காகத்தான். ஈரோடு, பெருந்துறை, கோபி விற்பனைக்கூடங்களில் விரலி மஞ்சள் குவிண்டால் என்ன விலைக்குப் போனது, கிழங்கு மஞ்சள் என்ன விலை, கவுந்தப்பாடி ஏலத்தில் பழனி கோயிலுக்கு நாட்டுச்சர்க்கரை எடுத்தார்களா என்பதெல்லாம் அந்தக் கட்டங்களுக்குள் இருக்கிறது.

படமாக இருப்பதைத் தேடவும் முடியாது. எழுத்தாக இருப்பதைத் தேடுவதும் எளிதாக இல்லை. நான் ஈரோட்டில் கணக்கு மென்பொருள் எழுதும் சிறிய அலுவலகத்தில் வேலை செய்கிறேன், அதனால் இதை உட்கார்ந்து ஆராய்ந்தேன். தேடல் பெட்டியில் 'மஞ்சள்' என்று அடித்தால் 'மஞ்சளுக்கு', 'மஞ்சளின்' என்று வரும் செய்திகள் சிக்குவதில்லை. புள்ளியும் ஒரு தனிக் குறியாகப் பதிவாவதால், 'ளு' வரும் இடத்தில் 'ள்' பொருந்தாது. புள்ளியை விட்டு 'மஞ்சள' என்று அடித்தால் எல்லாம் வந்து விழுகின்றன. 'ஈரோடு' இன்னும் மோசம். 'ஈரோட்டில்' என்று டகரம் இரட்டிக்கிறதே! உகரத்தை விட்டு 'ஈரோட' வரைதான் அடிக்க வேண்டும். தமிழில் பெயர்ச்சொல் வேற்றுமை உருபு ஏற்காமல் எத்தனை வரிகளில் வருகிறது? இதைக் கணக்கில் எடுக்காத தேடலைத் தமிழ் நாளிதழுக்குள் வைத்திருக்கக் கூடாது.

'கொப்பரை'தான் என்னை மிகவும் அலைக்கழித்தது. அந்தச் செய்தி கண்முன்னே இருக்கிறது, தேடினால் இல்லை என்கிறது. கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுத் தரமான யூனிகோடில் 'கொ'வின் துணைக்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். இரண்டையும் ஒன்றாகவே கொள்ள வேண்டும் என்பது யூனிகோடு தரத்தின் விதி. செயலி அந்த விதியைக் கவனிக்கவில்லை. செய்தியாளர் ஒரு விதமாகத் தட்டியிருக்கிறார், என் விசைப்பலகை இன்னொரு விதமாகத் தட்டுகிறது.

நல்ல முன்மாதிரி இல்லாமல் இல்லை. நியூயார்க் டைம்ஸ் 2006-இலேயே மைக்ரோசாஃப்டோடு சேர்ந்து டைம்ஸ் ரீடர் என்ற கணினிச் செயலியைக் கொண்டுவந்தது. சாளரத்தின் அளவுக்கு ஏற்ப எழுத்துகள் பத்தி பத்தியாகத் தாமே அடுக்கிக்கொள்ளும், அம்பு விசையால் பக்கம் புரட்டலாம். இப்போது அந்தச் செயலி இல்லை, அதன் எண்ணம் இன்னும் பழசாகவில்லை. அதோடு அச்சுப் பக்கத்தின் படத்தையும் ஓரத்தில் வைத்து, படிக்கும் செய்தி பக்கத்தில் எங்கே இருந்தது என்று காட்டினால் அப்பாவின் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

பாராட்ட வேண்டிய ஒன்று: விடியற்காலையில் முழுப் பதிப்பையும் இறக்கி வைத்துவிடுகிறது. மோடம் அணைந்தாலும் மடிக்கணினியில் படிக்கலாம். மாதப் பராமரிப்புக்காக மின்சாரம் நிற்கும் நாள்களில் இது பெரிய உதவி. ஆனால் சென்ற ஆண்டு வந்த ஒரு புதுப்பித்தலுக்குப் பிறகு, திறக்கும்போதெல்லாம் கடவுச்சொல் கேட்டது, இணையம் இல்லாமல் நுழைய விடவில்லை, ஈரோடு பதிப்பை மாற்றிச் சென்னைப் பதிப்பை முன்வைத்தது. மூன்று வாரம் அப்பா சென்னைக் குடிநீர்ச் செய்திகளைப் படித்தார். பிறகு சரிசெய்தார்கள்.

'கொப்பரை' குறித்து எடுத்துக்காட்டுகளோடு அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். நன்றி சொல்லிப் பதில் வந்தது. இரண்டு மாதம் கழித்து வந்த பதிப்பில் அந்தத் தேடல் ஒழுங்காக வேலை செய்கிறது. விலைப் பட்டியல் மட்டும் இன்னும் படம்தான். அப்பா ஒவ்வொரு நாளும் உருப்பெருக்கியைத் திரையில் வைத்து, விரலி ஒரு பக்கம் கிழங்கு ஒரு பக்கம் என்று தம் டைரியில் பேனாவால் எழுதிக்கொள்கிறார். வரும் தை மாதம் சந்தாவைப் புதுப்பிக்கப் போகிறேன். அந்தக் கட்டத்தை எழுத்தாகத் தரும்படி கேட்டு, அவருடைய டைரியின் ஒரு பக்கத்தையும் படமெடுத்துச் சேர்த்து நேற்று மறுபடி அனுப்பியிருக்கிறேன்.