ஃபிளாட்வவுண்ட் பேஸ் தந்திகள்: ஆறு மாதம் வாசித்த பிறகு

எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகளை வார இறுதியில் வாசிக்கும் குழு எங்களுடையது. நான் பேஸ் கிட்டார். ஆறு மாதம் முன்பு 45–105 அளவு (தந்தியின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) ஃபிளாட்வவுண்ட் தந்திகளுக்கு மாறினேன். உருண்டைக் கம்பிக்குப் பதில் பட்டையான நாடா சுற்றியிருப்பதால், விரல் நகரும்போது வரும் கீச்சொலி அநேகமாகப் போய்விட்டது. 41 ஹெர்ட்ஸில் அதிரும், ஆகத் தாழ்ந்த சுருதியுள்ள E தந்தி, காலால் அடிக்கும் கிக் டிரம்மோடு அப்படியே ஒட்டிக்கொள்கிறது. முதல் ஒத்திகையிலேயே டிரம்மர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் வாசிக்கிறேன்.

கட்டைவிரலால் தந்தியைத் தட்டி வாசிக்கும் ஸ்லாப் பாட்டுகளுக்கு இது சரிப்படாது, அந்தப் பளிச்சென்ற ஓசை வராது. இழுவிசையும் கூடுதல். மாட்டியதும் கிட்டாரின் கழுத்து லேசாக வளைந்தது, அந்த வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் டிரஸ் ராட் என்ற கம்பியைக் கால் சுற்று திருக வேண்டியிருந்தது. அப்புறம் ஒரு தொந்தரவும் இல்லை. இன்னும் அதே தந்திகள்தான்.