லேப்டாப் வை-ஃபையை இன்னொரு கம்ப்யூட்டருக்குக் கொடுத்து ஐந்து வருடம்

எங்கள் வீடு மாடி. கீழே அண்ணன் குடும்பம், ஃபைபர் கனெக்ஷனும் மோடமும் அவர்கள் ஹாலில். அந்த வை-ஃபை படிக்கட்டு வழியாக ஏறி எங்கள் ஹால் ஜன்னல் வரைக்கும் ஒழுங்காக வரும், அதைத் தாண்டி உள் அறைக்குப் போனால் கான்கிரீட் தளமும் இரண்டு சுவரும் சேர்ந்து சிக்னலை விழுங்கிவிடும். 2020 ஜூனில் பெண்ணுக்கு ஆன்லைன் வகுப்பு ஆரம்பித்தபோது அந்த உள் அறையில்தான் பழைய டெஸ்க்டாப் இருந்தது, அதில் வை-ஃபை கார்டே கிடையாது. யுஎஸ்பி வை-ஃபை குச்சி ஒன்று வாங்கிச் செருகிப் பார்த்தேன், ஒரு கோடு சிக்னல் வரும், டீச்சர் வாயைத் திறந்ததும் போகும். ஹாலில் என் லேப்டாப்புக்கு நெட் நன்றாக வருகிறதே, அதிலிருந்து ஒரு வயர் இழுத்தால் என்ன என்று தோன்றியது அப்போதுதான்.

15 மீட்டர் லேன் கேபிள் ஒன்று, அவ்வளவுதான் செலவு. இரண்டு கம்ப்யூட்டரை நேராக இணைக்க கிராஸ் கேபிள் வேண்டும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள், இப்போது வருகிற லேன் போர்ட்டுகள் அதைத் தாமாகவே சரிசெய்துகொள்ளும், சாதாரண கேபிளே போதும்.

ஒரு கம்ப்யூட்டருக்கு வருகிற நெட்டை இன்னொன்றுக்குப் பகிர்கிற இந்த வசதி (ஷேரிங்) விண்டோஸில் புதிதே அல்ல, 1999-இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலேயே இருந்தது. நெட்வொர்க் கனெக்ஷன்ஸ் திறந்து, வை-ஃபை மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், அதில் ஷேரிங் என்கிற டேப், மற்றவர்கள் இந்தக் கம்ப்யூட்டரின் இணையத்தைப் பயன்படுத்தலாம் என்கிற கட்டத்தில் ஒரு டிக். இதில் நான் முதல் நாளே சறுக்கினேன். டிக் போட வேண்டியது நெட் வருகிற பக்கத்தில், அதாவது வை-ஃபையில். நானோ கேபிள் செருகிய லேன் பக்கத்தில் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் கேபிளைத் திட்டிக்கொண்டிருந்தேன். சரியாகப் போட்டால் லேப்டாப்பின் லேன் போர்ட்டுக்கு 192.168.137.1 என்ற ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒரு கருவியை அடையாளம் காட்டுகிற எண்) தானாக வந்து உட்காரும், டெஸ்க்டாப்பும் அதே 137 வரிசையில் ஒரு முகவரியை வாங்கிக்கொள்ளும். டெஸ்க்டாப்பில் 169.254 என்று தொடங்குகிற முகவரி தெரிந்தால் எதிர்ப்பக்கம் யாரும் பதில் சொல்லவில்லை என்று அர்த்தம், டெஸ்க்டாப்பை நோண்டாமல் லேப்டாப் பக்கம் போங்கள்.

வேகம் பற்றிக் குறையில்லை. ஹாலில் லேப்டாப்புக்கு என்ன கிடைக்கிறதோ அநேகமாக அதே வேகம் உள்ளேயும் கிடைத்தது. வகுப்பு, வீடியோ, பெரிய டவுன்லோடு எல்லாம் ஓடின.

தொல்லை வேறு இடத்திலிருந்து வந்தது. காலையில் லேப்டாப்பை ஆன் செய்தால் டிக் போட்டது போட்டபடி இருக்கும், உள்ளே நெட் வராது. டிக்கை எடுத்து மறுபடி போட்டால் வரும். தினமும் எட்டரை மணிக்கு "அப்பா, நெட் வரலை" என்று குரல், நான் பல் துலக்கியபடியே ஓடி வந்து டிக் எடுத்து டிக் போடுவேன். பல வாரம் கழித்துத்தான் காரணம் புரிந்தது. விண்டோஸ் 10-இல் பகிர்வு வழியாக 4 நிமிடம் எந்தப் போக்குவரத்தும் இல்லையென்றால் பகிர்வைப் பின்னணியில் நடத்துகிற சர்வீஸ் நின்றுவிடும், பிறகு தானாக எழுந்திருக்காது. ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் இதே கதை. சர்வீசஸ் பட்டியலில் இன்டர்நெட் கனெக்ஷன் ஷேரிங் என்பதை ஆட்டோமேட்டிக் என்று மாற்றி, ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கிற இடம்) ஷேர்ட்ஆக்சஸ் என்கிற பகுதியில், ரீபூட்டுக்குப் பிறகும் இணைப்பைக் காப்பாற்று என்று சொல்கிற ஒரு மதிப்பைச் சேர்த்து 1 என்று வைத்த பிறகுதான் நிம்மதியாகப் பல் துலக்கினேன்.

அப்புறம் அலுவலக விபிஎன், அதாவது வீட்டிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் போகிற தனிப் பாதை. நான் அதைப் போட்ட நொடியில் உள்ளே நெட் நிற்கும். லேப்டாப்பின் போக்குவரத்து மொத்தமும் விபிஎன் பாதைக்கு மாறிவிடுகிறது, பகிர்வோ வை-ஃபையோடு முடிச்சுப் போட்டபடி நிற்கிறது, டெஸ்க்டாப் அனுப்புவதற்குப் பதிலே திரும்பி வருவதில்லை. விபிஎன்னையே பகிர்ந்துவிடலாமே என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார், வேலை வேண்டும் என்பதால் செய்யவில்லை. எனக்கு மீட்டிங் இருக்கிற நேரம் அவளுக்கு வகுப்பு இல்லாத நேரமாக அமைய வேண்டும் என்று வீட்டில் ஒரு டைம்டேபிளே போட்டோம். ஷேரிங்கில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத கஷ்டம் இதுதான். தொழில்நுட்பமெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். ஆனால் அன்றைக்கு அப்புறம் அந்த லேப்டாப் உங்களுடையது இல்லை. மூடக் கூடாது, கையில் எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போகக் கூடாது, அப்டேட் வந்தால் ரீஸ்டார்ட் செய்ய உள் அறையில் அனுமதி கேட்க வேண்டும். ஊருக்கு எடுத்துப் போனால் உள் அறையில் நெட்டே கிடையாது.

நடுவில் பிரிட்ஜ் செய்தால், அதாவது வை-ஃபையையும் லேனையும் ஒன்றாக ஒட்டிவிட்டால், எல்லாம் ஒரே நெட்வொர்க்காகிவிடும் என்று அதையும் முயன்றேன். இருந்த நெட்டும் போனது. வை-ஃபை மோடம் தன்னிடம் பதிவு செய்த கருவியின் மேக் முகவரியிலிருந்து (ஐபி அல்ல, நெட்வொர்க் கார்டுக்கே உரிய எண்) வருவதை மட்டும்தான் ஏற்கும், பின்னால் ஒளிந்து நிற்கிற டெஸ்க்டாப்பின் முகவரியில் வருவதை வாங்காது. மொபைல் ஹாட்ஸ்பாட்டும் போட்டுப் பார்த்தேன், ஒரே கார்டு வாங்கவும் கொடுக்கவும் வேண்டியிருப்பதால் வேகம் பாதியானது, யாரும் இணையவில்லை என்றால் தானாக அணைந்தும்விடும்.

பிரிட்ஜ் ஆகாததன் விளைவு பிரிண்டரில் தெரிந்தது. கீழே அண்ணன் வீட்டு வை-ஃபை பிரிண்டர் 192.168.1 வரிசையில், டெஸ்க்டாப் 137 வரிசையில். தேடு தேடு என்று தேடியும் டெஸ்க்டாப் கண்ணுக்குப் பிரிண்டர் தெரியவில்லை. தேடல் லேப்டாப்பைத் தாண்டாது. ஆனால் பிரிண்டரின் முகவரியைக் கையால் அடித்துக் கொடுத்தால் அச்சாகிறது, ஏனென்றால் உள்ளிருந்து வெளியே போகத் தடையில்லை. வெளியிலிருந்து உள்ளே வருவதுதான் நடக்காது. அண்ணன் மகனால் டெஸ்க்டாப்பில் இருக்கும் போட்டோ ஃபோல்டரை இன்றுவரை திறக்க முடிந்ததில்லை, பென் டிரைவோடு படியேறி வருகிறான்.

2022-இல் புது லேப்டாப் வாங்கியதும் பழையதை இந்த வேலைக்கே விட்டுவிட்டேன், அதுதான் சரியான முடிவு, முதலிலேயே செய்திருக்கலாம். கீல் உடைந்த லேப்டாப், லினக்ஸ் மின்ட் போட்டேன். ஒயர்டு கனெக்ஷன் அமைப்பில் ஐபிவி4 பகுதியில் "மற்ற கம்ப்யூட்டர்களுடன் பகிர்" என்று பொருள் வருகிற ஒரு தேர்வு இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுத்ததோடு சரி. இதில் முகவரி 10.42.0.1 என்று வரும். மூன்று வருடமாக ஒரு தடவைகூட டிக் எடுத்து டிக் போடவில்லை. மூடியை மூடினாலும் தூங்கக் கூடாது என்று மட்டும் பவர் அமைப்பில் சொல்லி வைத்தேன்.

ஒரு எச்சரிக்கை. எந்நேரமும் சார்ஜரிலேயே கிடந்த அந்த லேப்டாப்பின் பேட்டரி ஒரு நாள் உப்பி டச்பேடைத் தூக்கிவிட்டது. உடனே கழற்றி பழைய பேட்டரி வாங்குகிற கடையில் கொடுத்துவிட்டேன். பேட்டரி இல்லாததால் கரண்ட் போய் வந்தால் யாராவது போய்ப் பவர் பட்டனை அமுக்க வேண்டும், அது பெண்ணின் வேலை. மின்சாரச் செலவும் உண்டு. 15 வாட் என்று வைத்தால் நாள் முழுக்க ஓட இரண்டு மாதத்துக்கு 21 யூனிட் சொச்சம், முதல் 100 யூனிட் இலவசம் என்பதில் ஐந்தில் ஒரு பங்கை இதுவே தின்னும். இரவில் அணைத்துவிடுகிறேன்.

கீழிருந்து நேராகக் கேபிள் இழுத்து மேலே ஒரு ரௌட்டர் வைத்தால் இதெல்லாம் தேவையே இல்லை, எனக்கும் தெரியும். கேட்டபோது அண்ணன், "இப்பதான்டா பெயின்ட் அடிச்சிருக்கு, ஓட்டை போடாதே" என்றார். வருகிற பொங்கலுக்கு மறுபடி பெயின்ட் அடிக்கிறார்களாம், அதற்கு முந்தின நாள் போட்டுக்கொள் என்று அவரே சொல்லிவிட்டார். 20 மீட்டர் கேபிள் பரண்மேல் இருக்கிறது.