ஆப்லெட்டின் பிணையத் தடை: கையொப்பமா, சர்வ்லெட்டா?

எங்கள் அலுவலகத்தின் சரக்கிருப்பை உலாவியில் காட்டிய ஜாவா ஆப்லெட் (உலாவிக்குள் ஓடும் சிறு நிரல்), தரவுத்தளத்துடன் நேராக இணைய முயன்றபோதெல்லாம் ஜாவா கன்சோலில் 'ஆக்சஸ் டினைட்' என்ற வரியும், அதனருகில் 'சாக்கெட் பெர்மிஷன்' என்ற சொல்லும், தரவுத்தள சர்வரின் ஐபி எண்ணும், 3306 என்ற போர்ட்டும் வந்து நின்றன. கையொப்பமிடாத ஆப்லெட், தான் எந்த சர்வரிலிருந்து இறங்கியதோ அதனுடன் மட்டுமே பேசலாம் என்பது அப்போதைய விதி. எங்கள் தரவுத்தளமோ வேறு கணினியில் இருந்தது.

இந்தத் தடையைத் தாண்ட, எந்த நிரலுக்கு என்ன அனுமதி என்று குறிக்கும் ஜாவா பாலிசி கோப்பை ஒவ்வொரு கணினியிலும் திருத்தி அனுமதி தருவது முதல் வழியாக இருந்தது. சோதனைக்கு அது போதுமாக இருந்தது; பலர் பயன்படுத்தும் இடத்துக்கு ஆகவில்லை.

இரண்டாவது, ஆப்லெட்டின் நிரல்கள் அடங்கிய ஜார் கோப்புக்கு, அதை வெளியிட்டவர் யார் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பமிட்டுக் கூடுதல் அனுமதி பெறுவது. நிரலை மாற்ற வேண்டியதில்லை என்பதால் முதலில் இதைத்தான் செய்தேன். ஆனால் ஜாவாவுடன் வரும் சான்றிதழ்க் கருவியான கீடூல் தானாகத் தரும் சான்றிதழின் ஆயுள் 90 நாள்தான் என்பதை நான் கவனிக்கவில்லை. நான்காம் மாதம் எல்லாத் திரைகளிலும் காலாவதி எச்சரிக்கை வந்தது. ஆயுளைக் கூட்டிப் புதுப்பித்தேன். ஆனால் 2014 ஜனவரியில் வந்த ஜாவா 7 அப்டேட் 51, நாமே உருவாக்கிய சான்றிதழால் கையொப்பமிட்ட ஆப்லெட்டுகளை இயல்பான பாதுகாப்பு அமைப்பில் தடுத்தது. சான்றிதழை விலைக்கு வாங்கினாலும், ஜார் கோப்பின் விவரப் பட்டியலான மேனிஃபெஸ்ட்டில் 'பெர்மிஷன்ஸ்' வரியைச் சேர்த்தே ஆக வேண்டியிருந்தது.

ஆகவே, ஆப்லெட் இறங்கும் சர்வரிலேயே ஒரு சர்வ்லெட்டை (சர்வரில் ஓடி, கேட்பதற்குப் பதில் தரும் ஜாவா நிரல்) வைத்து, தரவுத்தளத்துடன் பேசும் வேலையை அதனிடம் ஒப்படைத்தேன். ஆப்லெட் தன் சொந்த சர்வரிடமே எச்டிடிபி வழியாகக் கேட்டதால், இந்த இணைப்புக்காகக் கையொப்பமோ பாலிசி கோப்போ தேவைப்படவில்லை. யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கக்கூடிய ஜார் கோப்பிலிருந்து தரவுத்தளக் கடவுச்சொல்லும் நீங்கியது. கையொப்பமிடாத ஆப்லெட்டுகளையும் அதே அப்டேட் தடுத்ததால், தள முகவரியை ஒவ்வொரு கணினியிலும் விதிவிலக்குப் பட்டியலில் ஒருமுறை சேர்க்க வேண்டியிருந்தது உண்மைதான். ஆனால் பராமரிப்பு என்று பார்த்தால், அதன்பின் நான் தொட வேண்டியிருந்தது ஒரே ஒரு சர்வரைத்தான். நொடிக்கு நொடி மாறும் தரவுக்கு இம்முறையை நான் பயன்படுத்தியதில்லை. அதற்கு நேரடி இணைப்பும் கையொப்பமும் பொருத்தமாக இருந்திருக்கக்கூடும்.

2015 செப்டம்பரில் குரோம் 45-உம், 2017 மார்ச்சில் ஃபயர்பாக்ஸ் 52-உம் ஆப்லெட்டை ஓட்டும் ஜாவா செருகுநிரலைக் கைவிட்டபோது ஆப்லெட்டை எடுத்துவிட்டு ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்தை எழுதினோம். அதே சர்வரிலிருந்து வந்த பக்கம் என்பதால், அது சர்வ்லெட்டிடம் தரவு கேட்பதை உலாவி தடுக்கவில்லை. சர்வ்லெட்டில் ஒரு வரியும் மாறவில்லை.