காற்றுக் குமிழா, சிலிக்கோன் பெயிண்ட்டா?

கப்பலின் எரிபொருள் செலவைக் குறைக்க இரண்டு வழி: அடியில் காற்றுக் குமிழ்களை விட்டு நீரின் உராய்வைக் குறைப்பது, இல்லை வழவழப்பான சிலிக்கோன் பெயிண்ட் அடித்துப் பாசி ஒட்டாமல் காப்பது.

செலவு: பெயிண்ட் டிரை டாக்கில் (கப்பலை நீரில்லாமல் நிறுத்திப் பழுது பார்க்கும் இடம்) அடித்தால் முடிந்தது. குமிழுக்குக் கம்ப்ரசர், குழாய், அடித்தட்டில் துளைகள் வேண்டும். அப்புறம் கம்ப்ரசரே மின்சாரம் தின்னும், கப்பல் ஆழமாக அமிழ அமிழ அதிக நீரழுத்தத்தை எதிர்த்துக் காற்றைத் தள்ள வேண்டுமே.

நீடித்து உழைப்பது: சிலிக்கோன் வழவழப்பில் பாசி இறுகப் பிடிக்காது, ஓட்டத்தில் கழன்றுவிடும். ஆனால் நங்கூரச் சங்கிலி உரசினால் பெயர்ந்துவிடும், துறைமுகத்தில் வாரக்கணக்கில் சும்மா நின்றால் பாசி ஏறவும் செய்யும்.

பலன்: குமிழ் தட்டையான அடியில்தான் தங்கும். 2010-ல் மிட்சுபிஷி இதைப் பொருத்திய ‘யமதாய்’ அகலமான, ஆழம் குறைந்த சரக்குக் கப்பல், அதற்குச் சரிப்பட்டது. வி வடிவ அடி என்றால் காற்று பக்கவாட்டில் நழுவிவிடும்.

தட்டை அடியோடு புதிதாகக் கட்டுகிறீர்கள் என்றால் குமிழ். பழைய கப்பலுக்கு முதலில் பெயிண்ட். வசதி இருந்தால் இரண்டையும் சேர்த்தே போடலாம்.