பருத்தித் தாளா, மரக்கூழ்த் தாளா?

என் மேசையில் மூன்று வேலைகள் பாதியில் கிடக்கின்றன. ஒன்று, சிறுவர்களுக்கான படக்கதை: 32 பக்கங்களில் 18 முடிந்திருக்கிறது. இன்னொன்று, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துப் பறவைகள்: யாரும் கேட்காமல் நானாக இழுத்துவிட்டுக்கொண்டது. மூன்றாவது, மயிலாப்பூர்த் தெப்பக்குளத்துப் படிகளில் காலையில் உட்கார்ந்து வரையும் சிறு ஓவியங்கள்.

மூன்றுக்கும் ஒரே வண்ணப்பெட்டி, அதே நான்கு தூரிகைகள். தாள் மட்டும்தான் மாறுகிறது. நீர்வண்ணம் பழக வருகிறவர்கள் எந்த வண்ணம் வாங்கலாம், எந்தத் தூரிகை நல்லது என்று துருவித் துருவிக் கேட்கிறார்கள். தாளைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. “பழகத்தானே, இது போதும்” என்று கடையில் மரக்கூழ்த் தாளை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். கை தேர்ந்த பிறகு பருத்திக்குப் போகலாமாம். எனக்கு இந்த அறிவுரை தலைகீழாகப் படுகிறது.

இரண்டு தாளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டின் அட்டையிலும் 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) என்றுதான் போட்டிருக்கும். நனைத்தால்தான் குணம் தெரியும். பருத்தியின் இழை நீளமானது; தண்ணீரைத் தனக்குள் வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல விடுகிறது. அகலத் தூரிகையால் ஒரு வானம் இழுத்துவிட்டு, மேகத்தின் அடிவயிற்றைக் கொஞ்சம் கருக்கலாமா என்று யோசிக்க அவகாசம் தருகிறது. மரக்கூழின் இழை குட்டை. வண்ணம் பெரும்பாலும் மேலேயே தேங்கி நிற்கும். மின்விசிறி ஓடும் சென்னை அறையில் கண் மூடித் திறப்பதற்குள் ஓரங்கள் காய்ந்து கோடு கட்டிவிடும். காய்ந்தும் காயாமலும் இருக்கும் இடத்தில் ஈரத் தூரிகையை மறுபடி வைத்தால், வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு காலிஃபிளவர்போல ஓரம் சுருண்ட கறை ஒன்று பூக்கும். பழகுகிறவர் தன் கையில்தான் கோளாறு என்று நினைத்து நொந்துபோவார். பாதிக் கோளாறு தாளுடையது. நான் அப்படி இரண்டு வருடம் நொந்திருக்கிறேன்.

பறவைகளுக்குப் பருத்தியை விட்டால் எனக்கு வழியில்லை. நீலத் தாழைக்கோழியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உடம்பு வெறும் நீலம் இல்லை. வெயில் படும் கோணத்துக்கு ஏற்ப ஊதாவும் பச்சையும் எட்டிப் பார்க்கும். முதலில் அல்ட்ராமரைன் நீலத்தில் ஒரு பூச்சு, நன்றாகக் காய்ந்ததும் அதன்மேல் ஊதா, பிறகு முதுகில் மட்டும் மெல்லிய பச்சை. பருத்தியில் மூன்று பூச்சும் ஒன்றின் கீழ் ஒன்று தெரியும்படி அடுக்காக நிற்கின்றன. மரக்கூழில் இரண்டாவது பூச்சு முதலாவதைக் கரைத்துக் கிளப்பிவிடும். மூன்றாவதற்குள் பறவை சேற்று நிறமாகிவிடும். இன்னொன்றும் உண்டு. அல்ட்ராமரைன் துகள் துகளாகப் படியும் வண்ணம். கோல்ட் பிரஸ் என்று விற்கும் சொரசொரப்பான பருத்தித் தாளின் பள்ளங்களில் அது போய் உட்காரும்போது, நான் வரையாத இறகுகள் தாமாகவே வந்துவிடுகின்றன. பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்போடு கலந்தால் கிடைக்கும் சாம்பல் நிறம் சதுப்பு நிலத்துச் சேற்றுக்கு அப்படியே பொருந்துகிறது.

படக்கதையில் மட்டும் பருத்தி எனக்குத் தொல்லை. அதே பள்ளங்கள் ஸ்கேனரில் நிழலாக விழுகின்றன. பாட்டியின் கன்னம் அம்மை வடுப்போல வருகிறது. கணினியில் அதைத் துடைக்க ஒரு பக்கத்துக்கு அரை நாள் போகிறது. அதைவிடப் பெரிய சிக்கல் திருத்தம். “புடவை சிவப்பு வேண்டாம், மாம்பழ மஞ்சள் நன்றாக இருக்குமே” என்று பதிப்பகத்திலிருந்து செய்தி வரும். பருத்தி குடித்த சிவப்பை முழுதாகத் திரும்பக் கக்காது. மரக்கூழிலோ, மேலோடு நிற்கும் வண்ணத்தை ஈரத் தூரிகையால் தளர்த்தித் துணியால் ஒற்றினால் பெரும்பகுதி வந்துவிடும். பழகுகிறவரை அழவைத்த அதே குணம் இங்கே கைகொடுக்கிறது. அதனால் புத்தகத்துக்கு, இஸ்திரி போட்டதுபோல வழவழப்பாக இருக்கும் மரக்கூழ்த் தாள்தான். ஈரம் நிற்காது என்பது தெரிந்திருப்பதால், பெரிய பரப்புகளைத் தவிர்த்துச் சிறு சிறு கட்டங்களாகப் பக்கத்தை அமைத்துக்கொள்கிறேன்.

மூல ஓவியம் எத்தனை காலம் நிற்கும் என்ற கவலையும் புத்தகத்தில் குறைவு. ஸ்கேன் செய்ததும் அதன் வேலை முடிந்தது. வெயில் பட்டால் மங்கக்கூடிய அலிசரின் கிரிம்சன் சிவப்பைக்கூட அங்கே துணிந்து பூசுகிறேன். சுவரில் மாட்டப்போகிற பறவைக்கு அந்தத் துணிச்சல் வராது, எளிதில் மங்காத குவினாக்ரிடோன் ரோஸ்தான். (கண்ணைப் பறிக்கும் ஒளிர் இளஞ்சிவப்பு மட்டும் எதற்கும் ஆகாது. வெயிலில் வெளுக்கும்; அச்சின் நான்கு மைகளிலும் வராது.)

காசைப் பார்த்தால் மரக்கூழ் வெகு தூரம் முன்னால் நிற்கிறது. நான் வாங்கும் இடத்தில் பருத்தி மூன்று மடங்குக்கும் மேல். அதனால் கட்டுகளாக வாங்காமல் 56×76 செ.மீ. முழுத்தாளாக வாங்கி, ஒவ்வொன்றும் 28×19 செ.மீ. வரும்படி எட்டாகக் கிழித்துக்கொள்கிறேன். பழக வருகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்: மரக்கூழ்த் தாளில் ஒரு கட்டு வாங்குவதை விட்டு, பருத்தியில் ஒரே ஒரு முழுத்தாள் வாங்குங்கள்.

பருத்தியின் பலவீனம் மழைக்காலத்தில்தான் வெளிப்பட்டது. பல உயர்ரகத் தாள்களுக்கு மேலே ஜெலட்டின் பசை பூசியிருப்பார்கள். வண்ணம் உடனே உள்ளிறங்காமல் தாங்குவது அதுதான். ஒரு கார்த்திகை முழுவதும் பீரோவின் அடித்தட்டில் கிடந்த நான்கு தாள்களை எடுத்து வானம் பூசினேன். ஆங்காங்கே எண்ணெய்க் கறைபோலத் திட்டுத் திட்டாக நிறம் இறங்கிவிட்டது. ஈரக்காற்றில் பசை கெட்டிருந்தது. பக்கத்திலேயே இருந்த மரக்கூழ்க் கட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது பருத்தித் தாள்களை இறுக்கமான பிளாஸ்டிக் உறையில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வைக்கிறேன்.

டியூபா, வில்லையா என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: வீட்டில் டியூப், குளக்கரையில் வில்லை. தேன் கலந்த வண்ணமாக இருந்தால் பையில் வைக்குமுன் யோசியுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது லேசில் உலராது. என் பையின் உள்துணி இன்னும் பச்சையாக இருக்கிறது.

மயிலாப்பூர் ஓவியங்களுக்கு எது என்பதில் எனக்கே முடிவில்லை. படிகளில் வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும் என்பதால் சீக்கிரம் காயும் மரக்கூழ் வசதிதான். ஆனால் குளத்து நீரில் கோபுரத்தின் நிழல் கலங்கும் இடம் அதில் ஒரு நாளும் சரியாக வந்ததில்லை. போன வாரம் பருத்தியில் போட்டேன். நிழல் கலங்கியது, படிக்கட்டும் சேர்ந்து கலங்கிவிட்டது.

உறையில் நல்ல பருத்தித் துண்டுகள் ஐந்து மீதமிருக்கின்றன. வரைய வேண்டிய பறவைகள் ஏழு. கெட்டுப்போன இரண்டு படங்களின் பின்பக்கத்தை நனைத்துப் பார்த்தேன். ஈரம் ஒரே சீராகப் பரவியது. அந்த இரண்டும் நெடுங்கால் உள்ளானுக்கு.