பலகைகள் பல, கடைகள் மூன்று: அமெரிக்காவில் வாடகைக் கார் எடுப்பவர்கள் கவனத்துக்கு

சியாட்டில் விமான நிலையத்தின் வாடகைக் கார் கட்டிடம். கடந்த செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, இரவு பதினொரு மணி இருக்கும். என் ஓட்டுநர் உரிமத்தின் எண்ணைக் கணினியில் தட்டிய பெண்மணி, திரையைப் பார்த்தபடியே நெற்றியைச் சுருக்கினார். மீண்டும் ஒருமுறை தட்டினார். பிறகு தாழ்ந்த குரலில், "மன்னிக்கவும், உங்களுக்கு எங்களால் கார் தர முடியாது" என்றார்.

நான்கு நாட்களுக்கான வாடகை 412 டாலரை முன்கூட்டியே கட்டியிருந்தேன். உறுதிச் சீட்டு கையில் இருந்தது. எனக்குப் பின்னால் பெட்டிகளின் மேல் அம்மா உட்கார்ந்திருந்தார். முழங்கால் வலிக்காரர். ஊரிலிருந்து வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. ரெய்னியர் மலையைப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டதால்தான் இந்தப் பயணமே.

காரணம் கேட்டேன். "எங்கள் சகோதர நிறுவனத்தில் உங்கள் பெயரில் ஒரு பாக்கி இருக்கிறது. கார் கொடுக்கக் கூடாதவர்கள் பட்டியலில் உங்கள் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள்" என்றார். அவர் சொன்ன நிறுவனத்தின் பெயரைக் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது. பத்து மாதங்களுக்கு முன்பு என்னை ஏமாற்றியது அந்த நிறுவனம்தான். இனி அதன் வாசலை மிதிப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அதைத் தவிர்ப்பதற்காகவே வேறு பெயரில் பதிவு செய்திருந்தேன். அந்தப் பெண்மணியின் கழுத்துப் பட்டையை அப்போதுதான் கவனித்தேன். இரண்டு நிறுவனங்களின் சின்னங்களும் அதில் அருகருகே இருந்தன. மேசையில் ஒப்பந்தத் தாள்களை வைத்துக் கொடுக்கும் உறைகள் இரண்டு நிறங்களில் இரண்டு அடுக்குகளாக இருந்தன. வருபவர் எந்தப் பலகையைப் பார்த்து வருகிறாரோ அந்த நிற உறை. கணினி ஒன்றுதான், ஆளும் ஒருவர்தான். கார்கள் நிற்கும் தளமும் ஒன்றுதான்.

வெவ்வேறு பலகைகளுக்குப் பின்னால் இருப்பது ஒரே கடையாக இருக்கலாம். இந்தப் பதிவை எழுதுவதே அதைச் சொல்லத்தான். என்னைப் போலவே பெற்றோரை அழைத்துக்கொண்டு ஊர் சுற்றுபவர்கள், பிள்ளைகளைப் பார்க்க வந்து இங்கே கார் எடுப்பவர்கள் யாரும் அந்த இரவு நான் நின்றதுபோல் நிற்கக் கூடாது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய நவம்பரில் அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் கார் எடுத்து, கிராண்ட் கேன்யன் போய்த் திரும்பினோம். விமான நிலையத்தின் வாடகைக் கார் மையம் கூரை போட்ட அடுக்குக் கட்டிடம், உள்ளே வெளிச்சம் குறைவு. ஞாயிறு மாலை காரைத் திருப்பிவிட்டபோது, கையில் ஸ்கேனர் வைத்திருந்த இளைஞர் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, போகலாம்" என்றார். கணக்கு முடித்த ரசீது அங்கேயே மின்னஞ்சலில் வந்தது. நிம்மதியாக விமானம் ஏறினோம்.

இருபத்து மூன்று நாட்கள் கழித்து ஒரு கடிதம் வந்தது. அனுப்பியது கார் நிறுவனம் அல்ல, சேதக் கணக்குகளைக் கவனிக்கும் வேறொரு அலுவலகம். முன் கண்ணாடியில் கல் தெறித்த வடு இருக்கிறதாம். கண்ணாடி மாற்ற 640 டாலர், கார் ஓடாமல் நின்ற ஐந்து நாட்களுக்கு 265, அலுவலகச் செலவு 125, காரின் மதிப்புக் குறைந்ததற்கு 150, ஆக மொத்தம் 1,180. கூடவே ஒரு புகைப்படம். கண்ணாடியின் கீழ் மூலையில் மிளகு அளவில் ஒரு புள்ளி. படத்தின் ஓரத்தில் தேதி பதிவாகியிருந்தது. அது செவ்வாய்க்கிழமை. நான் காரை ஒப்படைத்தது ஞாயிற்றுக்கிழமை.

நடுவில் இரண்டு நாட்கள். அந்தக் காரை யார் ஓட்டினார்கள், எங்கே நகர்த்தினார்கள் என்று கேட்டு மூன்று மின்னஞ்சல்கள் அனுப்பினேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. ஐந்தாவது வாரம் என் கிரெடிட் கார்டிலிருந்து 1,180 டாலரை எடுத்துக்கொண்டார்கள். வங்கியிடம் முறையிட்டேன். ரசீதையும் புகைப்படத்தின் தேதியையும் பார்த்த வங்கி என் பக்கம் நியாயம் இருப்பதாகச் சொல்லிப் பணத்தைத் திருப்பித் தந்தது. அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. வங்கி பணத்தைத் திரும்ப வாங்கினால் நிறுவனத்தின் கணக்கில் அது வசூலாகாத பாக்கியாகவே நிற்கிறது. பாக்கி வைத்தவர் பெயர் பட்டியலில் ஏறுகிறது. அப்படி ஏற்றியதை யாரும் எனக்குத் தெரிவிக்கவில்லை. அதைவிடப் பெரிய விஷயம், அந்தப் பட்டியல் ஒரு பலகைக்கானது அல்ல. ஒரே முதலாளியின் கீழ் இருக்கும் நிறுவனக் குடும்பம் முழுவதற்கும் ஒரே பட்டியல்.

இந்தக் குடும்பக் கதையை அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். முன்பே தெரிந்திருக்க வேண்டியது. அமெரிக்க விமான நிலையங்களில் பெயர்ப் பலகைகள் ஏழெட்டு இருந்தாலும், பெரும்பாலான கார்கள் மூன்று குழுமங்களின் கையில்தான் இருக்கின்றன. என்டர்பிரைஸ் 2007-ல் நேஷனல், அலமோ இரண்டையும் சேர்த்து வாங்கியது. ஏவிஸை வைத்திருந்த செண்டன்ட் நிறுவனம் 2002-ல், திவாலாகிக் கிடந்த பட்ஜெட் என்ற வாடகைக் கார் நிறுவனத்தை வாங்கியது. பின்னாளில் ஏவிஸ் பட்ஜெட் என்று பெயர் மாறிய அந்தக் குழுமம் 2013-ல் ஜிப்கார், பேலெஸ் இரண்டையும் சேர்த்துக்கொண்டது. ஹெர்ட்ஸ் 2012-ல் டாலர், திரிஃப்டி என்ற இரட்டை நிறுவனத்தை வாங்கியது.

அந்த மூன்றாவது விற்பனை நடந்த விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2010-ல் டாலர் திரிஃப்டியின் பங்கு ஒன்றுக்கு 41 டாலர் தருவதாக ஹெர்ட்ஸ் சொன்னது. ஏவிஸ் பட்ஜெட்டும் போட்டிக்கு வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இழுத்து, கடைசியில் 87.50 டாலருக்கு ஹெர்ட்ஸ் வாங்கியது. மொத்தம் சுமார் 230 கோடி டாலர். முதலில் சொன்ன விலையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். மிச்சமிருந்த பெரிய போட்டியாளர் ஒருவரை விலைக்கு வாங்குவதற்கு இரண்டு நிறுவனங்களும் எவ்வளவு தூரம் போகத் தயாராக இருந்தன என்பதை அந்த விலையே காட்டுகிறது. கடையில் ஆள் குறைந்தால் பேரம் பேச முடியாது என்பது நம் ஊர்ச் சந்தைக்குப் போகிற எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. போட்டி குறையும் என்பதால் அட்வான்டேஜ் என்ற தன் மலிவு விலை நிறுவனத்தை ஹெர்ட்ஸ் விற்றுவிட வேண்டும் என்று மத்திய வணிக ஆணையம் நிபந்தனை போட்டது. அதன்படியே விற்றார்கள். வாங்கியவர்கள் அதை நடத்த முடியாமல் 2013 நவம்பரில், ஓராண்டுக்குள், திவால் மனு கொடுத்தார்கள். பிறகு கைமாறி, 2020-ல் மீண்டும் திவாலானது. நான்காவது போட்டியாளர் வேண்டும் என்று கட்டளையிடலாம். அதை உயிரோடு வைத்திருக்கக் கட்டளையால் முடியவில்லை.

ஆள் குறைந்ததன் விளைவு 2021 கோடையில் எல்லோருக்கும் தெரிந்தது. பெருந்தொற்றில் ஹெர்ட்ஸ் திவால் மனு கொடுத்தது. எல்லாக் குழுமங்களும் கார்களை விற்றுத் தள்ளின. மக்கள் திரும்பவும் பயணம் கிளம்பியபோது கார் இல்லை, வாடகை பல மடங்கானது. ஹவாய் தீவுகளில் சுற்றுலாப் பயணிகள் வீட்டுச் சாமான் ஏற்றும் லாரிகளை வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். மூன்று கடைகளும் ஒரே நேரத்தில் சரக்கைக் குறைத்துவிட்டால் நான்காவது கடைக்குப் போக வழியில்லை.

பெரிய குழுமங்களால் நன்மையே இல்லை என்று சொல்லவில்லை. ஒரு ஊரில் எடுத்து இன்னொரு ஊரில் விடுவது அவர்களால்தான் எளிதாகிறது. வழியில் கார் நின்றால் மாற்றுக் காரும் கிடைக்கும். ஆனால் ஒரு கடையில் அடிபட்டவன் அடுத்த கடைக்குப் போவதுதான் வாடிக்கையாளருக்கு இருக்கிற ஒரே பலம். அந்த அடுத்த கடையும் அதே முதலாளியுடையது என்றால், அவன் நியாயம் கேட்டதே அவனுக்குத் தண்டனையாகிறது. எனக்கு நடந்தது அதுதான்.

சியாட்டில் இரவுக்குத் திரும்புகிறேன். "1,180 டாலரைக் கட்டினால் இப்போதே பெயரை எடுக்க முடியுமா?" என்று, எங்களோடு வந்திருந்த அப்பாதான் கேட்கச் சொன்னார். "கொடுத்துவிடப்பா, அம்மாவால் இனி நிற்க முடியாது" என்றார். அந்தப் பெண்மணி ஒரு துண்டுத் தாளில் தொலைபேசி எண் எழுதிக் கொடுத்தார். அந்த அலுவலகம் திங்கள் முதல் வெள்ளி வரை, பகலில் மட்டும். திங்கட்கிழமை மாலை எங்களுக்குத் திரும்பும் விமானம். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அம்மாவுக்கு ஒரு நாற்காலி எடுத்து வந்து போட்டவரும் அவர்தான். பக்கத்து கவுண்டருக்குப் போனேன், அதுவும் அதே குழுமம். இன்னொரு குழுமத்தில் கார் தீர்ந்துவிட்டது. மூன்றாவதில் நான்கு நாட்களுக்கு 1,020 டாலர் கேட்டார்கள். டாக்சி பிடித்து விடுதிக்குப் போய்விட்டோம். மறுநாள் மூன்று குழுமங்களிலும் சேராத ஒரு நிறுவனத்தில் 688 டாலருக்குக் கார் கிடைத்தது. அது கைக்கு வரும்போது மதியம் தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போனபோது மேகம் மூடியிருந்தது. தெளிவாக இருந்த சனிக்கிழமை எங்களிடமிருந்து போய்விட்டது.

முன்பணம் கட்டிய இணையதளம் 412 டாலரைத் தர மறுக்கிறது. நான் காரை எடுக்க வரவில்லை என்று அவர்கள் கணக்கில் பதிவாகியிருக்கிறதாம். வந்து நின்றவனைத் திருப்பி அனுப்பியவர்கள், அவன் வரவே இல்லை என்று எழுதியிருக்கிறார்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. பதிவு செய்யும் முன் அந்தப் பெயர் எந்தக் குழுமத்தைச் சேர்ந்தது என்று பாருங்கள். விலை ஒப்பிடும் தளத்தில் பத்து வரிகள் வந்தால் பத்து பேர் போட்டியிடுகிறார்கள் என்று எண்ண வேண்டாம். சிக்ஸ்ட் போல மூன்றிலும் சேராதவர்களின் விலையையும் தனியாகப் பாருங்கள். குழுமத்தில் ஒரு பெயரோடு தீராத தகராறு இருந்தால், பயணத்துக்கு முன்பே மற்ற பெயர்களின் வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுதி, என் பெயர் தடைப்பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். முதியவர்களோடு போகும்போது முன்பணம் கட்டாத, ரத்து செய்யக்கூடிய பதிவு ஒன்றை வேறு குழுமத்தில் வைத்திருங்கள். சில டாலர் கூடினாலும் பரவாயில்லை.

காரை எடுக்கும்போதும் விடும்போதும் வீடியோ எடுங்கள். எல்லோரும் கதவையும் பம்பரையும் எடுக்கிறோம், கண்ணாடியை விட்டுவிடுகிறோம். முன் கண்ணாடியின் நான்கு மூலைகள், கூரை, சக்கர விளிம்புகள், ஓடிய மைல் காட்டும் பலகை, எல்லாம் அதில் வர வேண்டும். இருட்டாக இருந்தால் கைபேசி விளக்கைப் போட்டு எடுங்கள். குறைந்தது ஆறு மாதம் அழிக்காதீர்கள். நான் ஃபீனிக்ஸில் எடுத்த வீடியோ இடம் போதவில்லை என்று மூன்றே வாரத்தில் அழித்துவிட்டேன். கடிதம் வந்தது அதற்கு இரண்டு நாள் கழித்து.

இதை மிக முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். கிரெடிட் கார்டில் வாடகைக் கார் காப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சேதக் கடிதம் வந்ததும் முதலில் அந்தக் காப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள். வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைத் திரும்ப வாங்குவது வேறு, காப்பீடு வேறு. காப்பீடு நிறுவனத்துக்குப் பணம் கொடுத்துக் கணக்கை முடிக்கிறது. முறையீடு பணத்தைப் பிடுங்கிக் கணக்கைத் திறந்தே வைக்கிறது. இந்த வித்தியாசம் தெரியாததால்தான், வங்கியிடம் வென்றும் கவுண்டரில் தோற்றேன். காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கக் கெடு உண்டு. நான் விசாரித்தபோது என் கெடு முடிந்துவிட்டது.

இப்போது நிலவரம்: அரிசோனா மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவில், புகைப்படத்தின் தேதி, ரசீது, வங்கியின் கடிதம் மூன்றையும் இணைத்துப் புகார் கொடுத்தேன். இணையத்திலேயே கொடுக்கலாம், கட்டணம் இல்லை. ஏழு வாரம் கழித்து, சேதக் கணக்கை முடித்துக்கொண்டதாக இரண்டு வரியில் ஒரு கடிதம் வந்தது. ஒரு வருத்தச் சொல்கூட அதில் இல்லை. பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்களா, குழுமத்தின் எல்லா நிறுவனங்களுக்கும் சேர்த்தா, ஒன்றுக்கு மட்டுமா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். 412 டாலரையும் கேட்டிருக்கிறேன். நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லாததற்குக் காரணம் அந்தக் கோரிக்கைகள் இன்னும் நிலுவையில் இருப்பதுதான். பதில் வந்ததும் இதே பதிவின் கீழே சேர்க்கிறேன்.