ஹெட்டைக் கழட்டாமலே "இன்ஜின் போச்சு" என்று சொல்லும் இடத்தில் வண்டியை விடாதீர்கள்

ஏமாந்த கதையை எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் போன வாரம் ஒரு நண்பர் போன் செய்து, "வண்டி ஹீட் ஆயிடுச்சு, இன்ஜினையே மாத்தணும்னு சொல்றாங்க, என்ன பண்ணலாம்?" என்றார். நான் கேட்ட அதே வசனம். அதனால் எழுதிவிடுகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது 14 வருடப் பழைய பெட்ரோல் கார், நான்கு சிலிண்டர். ஒரு மாலை நெரிசலில் முக்கால் மணி நேரம் ஊர்ந்துகொண்டிருந்தபோது டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. முதல் தப்பு என்னுடையதுதான். உடனே ஓரங்கட்டி அணைத்திருக்க வேண்டும். "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று ஓட்டினேன். சற்று நேரத்தில் முள் தானாகக் கீழே இறங்கியது. அப்பாடா என்றிருந்தது.

அந்த அப்பாடாதான் என்னைக் கவிழ்த்தது. கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வடிந்துபோனால் சென்சார் வெறும் காற்றிலும் ஆவியிலும் நிற்கும். அது காட்டுவதை நம்பவே கூடாது. உள்ளே இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்க, முள் மட்டும் சமத்தாக உட்கார்ந்திருக்கும். இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் பானட் ஓரத்தில் ஆவி, இழுவை இல்லை, வண்டி நின்றுவிட்டது.

இழுத்துக்கொண்டு போய் விட்ட ஒர்க்‌ஷாப்பில் பத்தே நிமிடத்தில் தீர்ப்பு வந்தது. அங்கிருந்த மெக்கானிக் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) உருவி என் மூக்குக்கு நேரே நீட்டினார். ஆயில் பால் ஊற்றியதுபோல வெளுத்திருந்தது.

"பாருங்க சார், ஆயில்ல தண்ணி. ஹெட் பெண்ட் ஆகியிருக்கும். பிளாக்கும் விரிசல் விட்டிருக்கும். இந்த வயசு வண்டிக்கு ரிப்பேர் பார்த்தா காசைக் கரியாக்குற வேலை. நல்ல ஓடின இன்ஜின் ஒண்ணு கைவசம் இருக்கு, நாளன்னைக்கு வண்டியை எடுத்துக்கலாம்."

ஆகியிருக்கும், விட்டிருக்கும். எல்லாமே "இருக்கும்". ஒரு போல்ட்டைக்கூடக் கழட்டாமல் சொன்னது. அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. ஆயிலில் தண்ணீர் கலந்தால் பெரும்பாலும் ஹெட் கேஸ்கட் (சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் அதை மேலே மூடும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கும், சில வண்டிகளில் ஆயில் கூலர் ஒழுகினாலும் இப்படி ஆகும். பிளாக் உடைந்ததா இல்லையா என்பதை டிப்ஸ்டிக் சொல்லாது. இதெல்லாம் பிறகு கற்றுக்கொண்டது. அன்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

இன்ஜினை மாற்றினார்கள். ஆறு மாத வாரன்டி என்று பில்லில் எழுதிக் கொடுத்தார்கள். ஹெட்டின் பக்கவாட்டில் சின்னக் காசு அளவில் ஒரு வட்டத் தகடு ஒட்டியிருந்தது. என்ன என்று கேட்டேன். "அது ஒரு சீல் சார், அதைத் தொடாதீங்க" என்று மட்டும் சொன்னார்கள்.

ஆறே வாரம். மறுபடி நெரிசல், மறுபடி முள் ஏறியது. இந்த முறை பார்த்த உடனே நிறுத்தினேன், ஆனால் அதற்குள் ஆவி வந்துவிட்டது. வண்டியை அங்கேயே கொண்டுபோனேன். அவர் பானட்டைத் திறந்ததும் நேராக அந்தத் தகட்டுக்கு டார்ச் அடித்தார். நடுவில் இருந்த உலோகம் உருகி விழுந்து, ஓட்டை போட்ட காசு மாதிரி இருந்தது.

"ஹீட் டேப் உருகியிருக்கு சார். நீங்க ஓவர்ஹீட் பண்ணிட்டீங்க. வாரன்டி வராது."

பில்லின் பின்பக்கத்தில், எறும்பு எழுத்தில், அது நிஜமாகவே இருந்தது.

ஹீட் டேப் ஒன்றும் மோசடிச் சாமான் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்ஜினைப் புதுப்பித்து விற்பவர்கள், நாணயமானவர்கள்கூட, ஒட்டுவதுதான். சுமார் 120 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நடுப்பகுதி உருகிவிடும். ஆனால் அது சொல்வது "இன்ஜின் சூடானது" என்பதை மட்டும்தான். ஏன் சூடானது என்று அதற்குத் தெரியாது. ஏன் என்று அந்த ஒர்க்‌ஷாப்பில் யாரும் முதல் தடவையும் கேட்கவில்லை, இரண்டாம் தடவையும் கேட்கவில்லை.

கேட்டவர் வேறொரு மெக்கானிக், வயதானவர். வண்டியைத் தொடுவதற்கு முன்பே, "தம்பி, முள்ளு ஏறினது ஓடும்போதா, நிக்கும்போதா?" என்றார். இரண்டு முறையும் நெரிசலில் நிற்கும்போதுதான் என்றேன். "அப்போ முதல்ல ஃபேனைப் பார்ப்போம்."

வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நிற்கும்போது ஃபேன் ஒன்றுதான் கதி. நின்றால் மட்டும் சூடேறினால் ஃபேன் பக்கம் பார்க்க வேண்டும். வேகத்தில் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப் என்று தேட வேண்டும். கிளம்பிய சில நிமிடங்களிலேயே ஏறினால் தெர்மோஸ்டாட் (சூடேறியதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) மூடியபடி சிக்கியிருக்கலாம், அல்லது கூலன்ட்டே இல்லாமல் இருக்கலாம்.

கூலன்ட்டை நிரப்பி, ஸ்டார்ட் செய்து, ஏ.சி.யைப் போடச் சொன்னார். பெரும்பாலான கார்களில் ஏ.சி. போட்டதும் ரேடியேட்டர் ஃபேன் சுற்ற ஆரம்பிக்கும். சுற்றவில்லை. அணைத்துவிட்டு, ஃபியூஸ் பாக்ஸைத் திறந்து, ஃபேன் ரிலேயை (ஃபேனுக்கு மின்சாரம் விடும் சின்ன சுவிட்ச்) பிடுங்கினார். பக்கத்தில் ஹாரனுக்கான ரிலே, என் வண்டியில் இரண்டும் ஒரே மாதிரி. அதை எடுத்து ஃபேன் இடத்தில் செருகினார். மறுபடி ஸ்டார்ட், ஏ.சி. ஃபேன் உறுமிக்கொண்டு சுற்றியது.

பழைய ரிலேயின் மூடியைப் பிளந்து காட்டினார். உள்ளே கான்டாக்ட் முனை கரிந்து கறுத்திருந்தது. விரல் நகத்தால் சுரண்டினால் கரி உதிர்ந்தது. "ரெண்டு இன்ஜினையும் இதுதான் தின்னிருக்கு தம்பி."

தீப்பெட்டியைவிடச் சின்னது.

இங்கேதான் என் எச்சரிக்கையே இருக்கிறது. இன்ஜினை மாற்றும்போது ரேடியேட்டர், ஃபேன், அதன் ரிலே, ஒயரிங் எல்லாம் வண்டியில் அப்படியே பழசாகத்தான் இருக்கும். முதல் இன்ஜினைக் கொதிக்க வைத்தது எதுவோ, அது அடுத்த இன்ஜினுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். என் பில்லில் தெர்மோஸ்டாட் கிடையாது, ரேடியேட்டர் மூடிகூடக் கிடையாது. இத்தனைக்கும் அந்த மூடிதான் அழுத்தத்தைத் தாங்கிக் கூலன்ட்டின் கொதிநிலையை உயர்த்திப் பிடித்திருப்பது. பாதிப் பாதி கலந்த கூலன்ட் சாதாரணமாக 107 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். 15 பி.எஸ்.ஐ. மூடி நன்றாக இருந்தால் அது 125-ஐயும் தாண்டும். ஸ்பிரிங் தளர்ந்த மூடி இருந்தால் நெரிசலில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

பிறகு இன்ஜினுக்கு வந்தார். ரேடியேட்டர் வாயில் ஒரு குழாயை வைத்து, நீலத் திரவத்தின் வழியாக உள்ளிருந்து வரும் காற்றை இழுத்தார். சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் வந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். மஞ்சளானது. அடுத்து கம்ப்ரெஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று அளப்பது: 1, 4 சரியாக இருந்தன; பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்களான 2, 3 இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தன. நடுவில் கேஸ்கட் எரிந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் வேண்டாம்.

அதற்கப்புறம்தான் ஹெட்டைக் கழட்டினார், என்னைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டே. நேர்விளிம்புப் பட்டையை ஹெட்டின் மேல் குறுக்காக வைத்து, இடைவெளியில் ஃபீலர் கேஜை (தடிமன் குறித்த மெல்லிய உலோக இலைகள்) செருகினார். என் இன்ஜினுக்கு மேனுவல் அனுமதிப்பது 0.05 மி.மீ. 0.10 இலை நடுவில் வழுக்கிக்கொண்டு போனது. ஹெட்டின் அலுமினியம், பிளாக்கின் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். அளவுக்கு மீறிச் சூடானால், போல்ட்டுகள் இறுக்கிப் பிடித்திருக்கும் ஹெட் போக இடமில்லாமல் வளைந்துவிடும். லேத்துக்கு அனுப்பி விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்ட் செய்தார்கள், இல்லை. ஃபேசிங் போட்டார்கள், அதாவது வளைந்த பரப்பைச் சீவிச் சமமாக்கினார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் சீவ முடியாது, ஹெட்டுக்குக் குறைந்தபட்சத் தடிமன் உண்டு, அதையும் அளந்தே செய்தார்கள். சிலிண்டர் சுவரில் கீறல் இல்லை, தயாரிக்கும்போதே சுவரில் போடும் மெல்லிய ஹோனிங் கோடுகள்கூடத் தெரிந்தன. புதுக் கேஸ்கட், புது ஹெட் போல்ட் (என் வண்டியில் ஒருமுறை இறுக்கினால் நீளும் வகை, திரும்பப் போடக் கூடாது), தெர்மோஸ்டாட், மூடி, ரிலே. நான்கு மாதமாக முள் பாதியைத் தாண்டவில்லை.

எல்லா இன்ஜினையும் ரிப்பேர் செய்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. அடியிலிருந்து டக் டக்கென்று பேரிங் சத்தம், சூடான பிறகு ஆயில் பிரஷர் இறங்குவது, பிஸ்டன் சுவரைக் கீறியிருப்பது, பிளாக்கில் விரிசல்: இதில் ஒன்று இருந்தாலும் மாற்றுவதே மேல். தண்ணீர் கலந்த ஆயிலோடு நிறைய தூரம் ஓட்டியிருந்தாலும் எனக்குப் பேரிங் மேல் சந்தேகம் வரும். ஆனால் இவை எல்லாமே பார்த்து, அளந்து சொல்ல வேண்டியவை. "வண்டியோட மதிப்பைவிட ரிப்பேர் செலவு அதிகம்" என்ற கணக்கும் என்னைப் பொறுத்தவரை பாதிக் கணக்குதான். இந்த வண்டியை விற்றால் என்ன கிடைக்கும் என்பது இருக்கட்டும். இதே அளவு நம்பி ஓட்டக்கூடிய இன்னொன்றை வாங்க என்ன ஆகும் என்று பாருங்கள். எங்கே, எப்படி ஓடியது என்று தெரியாத பழைய இன்ஜினை வாங்குவதானால், அதற்கும் மாட்டுவதற்கு முன்பே கம்ப்ரெஷன் அளவு எழுத்தில் வேண்டும். இன்ஜின் எண் பில்லில் வேண்டும். வாரன்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். முதல் இன்ஜின் ஏன் சூடானது என்று ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் வண்டியை இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள், இன்னொரு முறை இழுப்பதற்கான செலவு பெரிதில்லை.

கழட்டிய பழைய இன்ஜின் உங்களுடையது. எனக்கு அது அப்போது தோன்றவே இல்லை. ரிலே விஷயம் தெரிந்த மறுநாள் முதல் ஒர்க்‌ஷாப்புக்குப் போய் அதைத் திருப்பிக் கேட்டேன். அதன் ஹெட்டையும் அளந்து பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது.

"அது அன்னைக்கே போயிடுச்சு சார்" என்றார்.

எங்கே என்று கேட்டேன். நல்ல இன்ஜின், யாரோ ஒருத்தர் வண்டிக்குத் தேவைப்பட்டது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார்.